கைகாட்டியாரின் கிரேன்

வளைவில் கவிழ்ந்து கிடந்த கன்டெய்னர் லாரியிலிருந்து சாலை நெடுக வெள்ளை வெளேரென்று கழிப்பறைக் கம்மோடுகள் சிதறிக் கிடந்தன. உடையாமல் தப்பிய ஒன்றின் மேல் இன்சூரன்ஸ் சர்வேயர் சாவகாசமாக உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். லாரி டிரைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தான் ஒழுங்காகத்தான் வந்ததாகவும் வளைவுதான் குறுக்கே பாய்ந்துவிட்டதாகவும் அவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள் நின்றன.

இந்தக் கண்கொள்ளாக் காட்சியின் நடுவில்தான் கைகாட்டியார் வந்து இறங்கினார்.

அவருக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கட்டிய மனைவிக்கே அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது. கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். அதற்கென்று பெரிய கிரேன் வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். ஒரு காலத்தில் அதைத் தானே ஓட்டியவர்தான். தங்கைக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையைக் கேபினில் உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்று கை காட்டுகிற பதவிக்கு உயர்ந்துவிட்டார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் இறக்க வேண்டும். முஷ்டியை மூடினால் நிறுத்த வேண்டும். ஆயிரம் பேர் கூடி நின்று வாய் பார்க்க, ஒரு விரலால் ஒரு லாரியையே எழுப்புகிற சுகம் இருக்கிறதே, அது ராஜாக்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

ஒரு தூக்கலுக்கு ஒரே ஒருவர்தான் கை காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. ஆனால் ஆபத்து என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று அந்த விதிக்கு ஒரு வாலும் உண்டு. கைகாட்டியார் அந்த வாலை ஒட்ட நறுக்கிவிட்டார்.

"ஆளாளுக்கு நிறுத்து நிறுத்துன்னு கத்தினா லாரி அந்தரத்துலதான் தொங்கும். என் கை ஒண்ணுதான். வானமே இடிஞ்சு விழுந்தாலும் நீங்க என் கையைத்தான் பாக்கணும், மாப்ளே."

மாப்பிள்ளை பார்த்தார். வானம் பத்திரமாக இருந்த நாட்களிலும் பார்த்தார். எந்தத் தெருவில் வீடு பிடிப்பது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, தலைமுடியை எவ்வளவு குட்டையாக வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மச்சானின் கைதான். பல் வலித்தபோது எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றுகூடக் கைகாட்டியார்தான் சொன்னார். இரண்டாவது தடவை சரியான பல்லையே சொன்னார்.

இதையெல்லாம் தங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டதும் சரியென்று சொல்லிவிட்டு, அங்கே வீடும் பார்த்துவிட்டு வந்து, "வாங்க, ரெண்டு பேரும் போயிடலாம்" என்றாள். மாப்பிள்ளை வழக்கம்போல, "மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார். மச்சான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கிளம்பப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவள் கிளம்ப மாட்டாள் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. தங்கை ஒருநாள் நேரிலேயே வந்து, "எனக்குப் புருஷன் வேணும். உனக்கு ஆபரேட்டர்தானே வேணும், வேற யாராவது கிடைப்பாங்க" என்றபோதும் அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

அன்று வளைவில் கிரேனைச் சாயாமல் தாங்கும் நான்கு இரும்புக் கால்களையும் விரித்து, ஒவ்வொன்றின் கீழும் மரக்கட்டை அடுக்கி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, நெரிசலின் முதல் வரிசையில் ஒரு மினி லாரி நிற்பது கண்ணில் பட்டது. அதில் ஒரு கட்டில் நான்கு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாஷிங் மெஷின். அதற்குப் பின்னால் கண்ணாடி பீரோ. கடையில் நின்று அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

தங்கை முன் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"அண்ணா, எவ்வளவு நேரமாகும்?"

"எங்க கிளம்பிட்டே?"

"சாமானைப் பாத்தா தெரியலையா? சாவி வாங்க சாயங்காலத்துக்குள்ள அங்க போய்ச் சேரணும். நீ வழியை விட்டாத்தான் போக முடியும்."

கைகாட்டியாரின் ஆராய்ச்சி முடிவு பொய்த்து, கட்டில், பீரோ சகிதம் எதிரில் வந்து நின்றது. லாரியைத் தூக்கினால் சாலை திறக்கும். திறந்தால் தங்கை போய்விடுவாள். தூக்காமல் இருக்கவும் வழியில்லை, பின்னால் பாதி உலகமே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

தங்கை கிரேனுக்குப் பக்கத்தில் போய்க் கேபினை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, முன் சீட்டுல உங்களுக்கு இடம் வச்சிருக்கேன். வர்றீங்களா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு, வேறு யாரும் செய்யக் கூசுகிற காரியத்தைச் செய்தார். தலையைத் திருப்பிக் கைகாட்டியாரின் கையைப் பார்த்தார்.

"வேலை நேரத்துல என்ன பேச்சு? தள்ளிப் போய் நில்லும்மா" என்றார் கைகாட்டியார்.

பாதிச் சரக்கை ஏற்கெனவே இறக்கியிருந்தார்கள். கன்டெய்னரைச் சுற்றிப் பெல்ட் மாட்டியாயிற்று. போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கினார். கைகாட்டியார் வழக்கமான இடத்தில் போய் நின்று, வழக்கமான கம்பீரத்தோடு சுட்டுவிரலை உயர்த்திச் சுழற்றினார். ரோப் விறைத்தது. லாரி முனகிக்கொண்டே ஒரு பக்கமாக எழும்பத் தொடங்கியது. உள்ளே மிச்சமிருந்த கம்மோடுகள் கடகடவென்று உருண்டன.

அப்போதுதான் அவர் பார்வை மினி லாரிப் பக்கம் போனது. அந்த முன் சீட்டு உண்மையாகவே காலியாக இருந்தது. சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, இவள் ஒரு ஆள் உட்கார இடம் விட்டல்லவா சாமான் ஏற்றியிருக்கிறாள் என்று யோசித்தார். மாப்பிள்ளை இல்லாமல் நாளைக்கு யார் வண்டி எடுப்பது என்று யோசித்தார். தங்கை இல்லாத வீட்டுத் தெருவில் எப்படிப் போய்வருவது என்றும் யோசித்தார். இவ்வளவையும் அவர் தலை யோசித்துக்கொண்டிருக்க, விரல் மட்டும் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.

சாலையோரத்தில் ஊன்றியிருந்த கிரேன் கால் மெதுவாகப் புதைய ஆரம்பித்தது. குழாய் பதிக்கத் தோண்டி அவசரமாக மூடிய மண் அது. கேபினுக்குள் அபாய மணி கீச்சிட்டது. எதிர்ப்பக்கத்துக் கால் மரக்கட்டையை விட்டு மேலே கிளம்பியது. கிரேன் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நிறுத்துங்க!" என்று தங்கை அலறினாள். போலீஸ்காரர் விசிலை ஊதித் தள்ளினார். சர்வேயர் கம்மோடிலிருந்து துள்ளி எழுந்தார். மாப்பிள்ளை அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. லீவரைப் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தூக்கு என்றது. அவர் தூக்கினார்.

அலறல் கேட்டுத்தான் கைகாட்டியார் திரும்பினார். முஷ்டி தானாக மூடிக்கொண்டது. அந்த நொடியே கிரேன் நின்றது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கெஞ்சுகிற மாதிரி கீழே அமுக்கினார். லாரி மீண்டும் தரையில் உட்கார்ந்தது. உள்ளே ஏதேதோ நொறுங்கின. அந்தரத்தில் நின்ற கால் தடாலென்று கட்டையில் வந்து இறங்கியது.

கைகாட்டியார் ஓடிப்போய்க் கேபின் படியில் தொற்றினார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா? கால் புதையுதே!"

"தெரிஞ்சுது, மச்சான்."

"மணி அடிச்சுதே!"

"கேட்டுது."

"அப்புறம் எதுக்குய்யா தூக்கினீங்க?"

"நீங்க தூக்குன்னு காட்டினீங்க" என்றார் மாப்பிள்ளை.

அந்தக் குரலில் குத்தல் இல்லை, குறை இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு ரோஷம், ஒரு கோபம் இருந்திருந்தால்கூடக் கைகாட்டியார் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திச் சமாளித்திருப்பார். கோபத்துக்குப் பதிலாக அவருக்குப் பயம்தான் வந்தது.

தங்கை மறுபக்கம் ஏறிப் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"செத்திருப்பீங்க. தெரியுதா? செத்துப் போயிருப்பீங்க!"

"அதுக்குள்ள மச்சான் நிறுத்தியிருப்பாரு" என்று அவளைத் தேற்றினார் மாப்பிள்ளை.

அதன்பிறகு கைகாட்டியார் கம்பீரத்தை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். கிரேன் காலைத் தார்ச் சாலைப் பக்கமாக இழுத்து, கட்டைகளை இரண்டு மடங்காக அடுக்கி, ஒவ்வொன்றையும் தானே மிதித்துப் பார்த்தார். இந்தத் தடவை கண் இப்படி அப்படி நகரவில்லை. லாரி எழுந்து, தள்ளாடி, சக்கரங்களில் வந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. தான் நிற்க வைத்த மாதிரி லாரி டிரைவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

லாரியை ஓரங்கட்டியதும் ஒரு பக்கச் சாலை திறந்தது. மினி லாரிக்காரர் இன்ஜினைக் கிளப்பினார். தங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கேபினிலிருந்து இறங்கி நடுச்சாலையில் நின்றார்.

"வர்றீங்களா? இனிமே நான் இன்னொரு தடவை கேக்க மாட்டேங்க" என்றாள் அவள். "அண்ணனைப் பாக்காம சொல்லுங்க."

மாப்பிள்ளை பாவம், முயற்சி செய்தார். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். ஆனால் கண் அவர் சொல்பேச்சு கேட்கவில்லை. அது நழுவி நழுவிக் கைகாட்டியாரின் கையைத் தேடிக்கொண்டு வந்தது.

கைகாட்டியார் தன் கையைப் பார்த்தார். ஒரு விரலை அசைத்தால் போதும், மாப்பிள்ளை போய்விடுவார். ஒரு முஷ்டியை மூடினால் போதும், இங்கேயே நின்றுவிடுவார். எதைக் காட்டினாலும் அது இவர் காட்டியதாகத்தான் இருக்கும். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். அதுவும் போதவில்லை, மாப்பிள்ளை அடுத்து அவர் முகத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். அதனால் அப்படியே முதுகைக் காட்டித் திரும்பி, உடைந்த கம்மோடுகளை வெறித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நெருக்கமாக ஒரு மனிதன் கம்மோடுகளை ஆராய்ந்து அந்தச் சர்வேயர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பின்னால் மினி லாரியின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று புரியவில்லை. ஒரு கதவு சாத்தப்பட்டது. மினி லாரி கியர் மாறி, வளைவைத் தாண்டி, சத்தம் தேய்ந்து போகும்வரை அவர் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது, அவ்வளவு பயமாகவும் இருந்தது.

திரும்பியபோது கேபின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"அண்ணே, இந்தக் கிரேனை யாரு எடுக்கறது? இன்னொரு பக்கமும் திறக்கணும்ல?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

கைகாட்டியார் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். சீட்டு இன்னும் சூடாக இருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நான்கு கால்களும் தெரிந்தன, கட்டைகள் தெரிந்தன, தோண்டி மூடிய மண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. கீழே நின்று கை காட்டுகிறவனுக்குத் தெரியாததெல்லாம் அங்கிருந்து தெரிந்தது. இத்தனை வருஷமும் மாப்பிள்ளைக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகி, கிரேன் கால்களை மடக்கினார். போலீஸ்காரர் கீழே நின்று வா வா என்று கை காட்டினார். அந்தக் கையைப் பார்த்தபடியே அவர் வண்டியை நகர்த்தினார்.