ஐந்தாவது லோடு கிராவல்

“இன்னும் அரையடி கொட்டுங்க மேஸ்திரி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க” என்று அஸ்திவாரக் குழியின் மேல் நின்று சத்தம் போட்டார் ராஜ்மோகன். கிராமச் சாலைகளைக் கவனிக்கும் பொறியாளர் அவர். விருத்தாசலத்தில் சொந்த வீடு கட்டுகிறார். “இது களிமண்ணு. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கீழ கிராவல் மண்ணை நெரப்பி இறுக்கினாதான் மேல கட்டுறது நிக்கும்.”

பாண்டுச் சட்டியில் கிராவல் சுமந்து வந்த சித்தாள் அன்புக்கரசி அதைக் கேட்டு நின்றுவிட்டாள்.

அவள் போன வருஷம்வரை சித்தாள் இல்லை. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில், கணவன் அர்ச்சுனன் வீட்டிலேயே கொலு பொம்மைகளை அச்சில் வார்ப்பான். அவள் பிசிறு தட்டுவாள். காய்ந்த பொம்மைகளை மொபெட்டில் கட்டி, சுடுவதற்காக டவுன் சூளைக்குக் கொண்டு வருவான். போன ஆவணியில், சாலை வெடிப்பில் முன்சக்கரம் மாட்டியது. சுடாத பிள்ளையார்கள் நாற்பதும் தூளாயின. அவன் முழங்காலும் போயிற்று. பாவம், வலி குறைந்த பிறகும் அவனுக்கு அந்தச் சாலையைக் கண்டால் பயம். “புது ரோடு போடட்டும், மறுபடி வண்டியை எடுக்குறேன்” என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

“சார், எங்கூருலயும் இதே மண்ணுதானுங்க. அங்க இப்ப போடுற புது ரோட்டுக்கு இப்படிக் கிராவல் கொட்டலையே?” என்றாள்.

“அது வேற மாதிரிம்மா. நீ வேலையப் பாரு.”

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது. டிரைவர் கருப்பன் தலையை நீட்டினான். “சார், ரோட்டுக்குப் போற கிராவல்ல அஞ்சாவது லோடையும் உங்க வூட்டுலயே எறக்கச் சொன்னாரு மாணிக்கவேல் முதலாளி!”

மாணிக்கவேல்தான் அன்புக்கரசியின் ஊர்ச் சாலையைப் போடும் காண்டிராக்டர். லஞ்சமாகப் பணம் நீட்டியிருந்தால் ராஜ்மோகன் அவரை விரட்டியிருப்பார். ஆனால் இது வெறும் மண்தானே என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். நம் மனசு இப்படிச் சமாதானமாவதற்குக் காரணம் தேட ரொம்பக் கஷ்டப்படுவதில்லை.

அன்புக்கரசி சட்டியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. குரல்தான் உடைந்தது. “அப்போ நாலு நாளா நான் தலையில சொமந்து கொட்டுனது எங்கூரு ரோட்டையா சார்?”

“போன வருஷம் எங்க வூட்டுக்காரரு அர்ச்சுனன் விழுந்து முழங்கால் போனதும் அந்த ரோட்டுலதானுங்க” என்றாள்.

பதினொரு மணிக்கு அந்தச் சாலையை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளே தார் விழும். அவர் போனபோது மாணிக்கவேல் டீயோடும், சோதனைக்கென்று தயாராகத் தோண்டி வைத்த குழியோடும் காத்திருந்தார். குழிக்குள் ஓரடி கிராவல் அழகாகத் தெரிந்தது. காண்டிராக்டர் தோண்டிய குழியை எட்டிப் பார்ப்பது, டீ குடிப்பது, கையெழுத்திடுவது என்பதே அங்கே வழக்கம்.

இன்று ராஜ்மோகன் டீயைத் தொடவில்லை. “போன வருஷம் அர்ச்சுனன்னு ஒருத்தர் எங்க விழுந்தாரு?” என்று ஆட்களிடம் கேட்டார். மோட்டார் கொட்டகைப் பக்கம் கை காட்டினார்கள். அங்கே போய்க் கடப்பாரையை வாங்கித் தானே குத்தினார். ரெண்டு விரல் ஜல்லிக்குக் கீழே, கடப்பாரையில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது களிமண்.

“இதைப் பூராவும் பேர்த்து எடுங்க. கிராவல் போடாம தார் விழக் கூடாது. என் வீட்டுல கொட்டுன லோடு எல்லாத்தையும் இன்னிக்கே அள்ளிட்டு வந்துடுங்க. நடந்ததை மேலதிகாரிக்கு நானே எழுதிக் குடுக்குறேன்.”

மாணிக்கவேல் பதறிப்போனார். “சார், கிராவலை எடுத்தா உங்க வூட்டுச் சொவரு வெடிச்சிடுமே!”

“செவுரு வெடிச்சா சிமெண்டைப் பூசிக்குவேன். அர்ச்சுனன் காலுக்கு எதைப் பூசுறது?”

“நான் பிரியப்பட்டுக் குடுத்த அன்பளிப்பு சார் அது.”

ராஜ்மோகனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் எல்லா ஆட்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்.

“ஊருக்குன்னு வந்ததை வீட்டுக்கு எடுத்துக்கிட்டா, அதுக்குப் பேரு அன்பளிப்பு இல்லீங்க, திருட்டு. பணமா வாங்கினாலும் மண்ணா வாங்கினாலும் திருட்டுதான். குடுத்த நீங்களும் திருடன், வாங்குன நானும் திருடன். நான் இன்னியோட நிறுத்திக்கிறேன்.”