தலைமாட்டில் நிற்பவர்

லாரி மெக்கானிக் சம்மட்டி தொட்டியில் இறங்கியதும் பாதித் தண்ணீர் வெளியே ஓடிவிட்டது. ஆள் அப்படி. ஜெபக்கூடத்தின் பின்னால் ஞானஸ்நானத்துக்கென்றே கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. அந்த வட்டாரத்தில் அவரிடம் அடி வாங்காதவர்கள் இரண்டே வகை: செத்துப்போனவர்கள், இன்னும் பிறக்காதவர்கள். கோபம் வந்தால் நட்டைத் திருகமாட்டார், வண்டியையே திருகிவிடுவார். "எனக்குள்ள இருக்கிற பழைய மனுஷன் சாகணும், பாஸ்டர்" என்று மூன்று மாதமாகத் தேம்பிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் எடுப்பவர் யாருக்கு அதிகக் கெடுதல் செய்தாரோ, அவர்தான் தலைமாட்டில் நின்று முக்கி எடுக்க வேண்டும். பாஸ்டர் கூப்பிட்டது தையல்காரரை. சம்மட்டி மனைவியின் தம்பி. அக்காவை ஏன் அடித்தீர்கள் என்று போன வருடம் கேட்கப் போனவர். கேள்வி முடிவதற்குள் தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போனது.

"நல்லா இருக்கியா, மாப்ள?"

"இப்போ சோறு மெல்ல முடியுது, மாமா."

பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னார். தண்ணீர் மூடியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தூக்கிவிடுவார்கள். தூக்கவில்லை. தலைமயிரைப் பிடித்த கை இன்னும் கீழே அழுத்தியது. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த கட்டைவிரல் தொண்டையில் ஏறியது. சம்மட்டி உதைத்த உதையில் பாஸ்டர் தொட்டியின் மறுமூலைக்குப் பறந்தார். சம்மட்டியின் பின்மண்டை அடிச் சிமெண்டில் மோதித் தண்ணீர் சிவந்தது.

மாப்பிள்ளையின் விலா, முஷ்டிக்கு ஒரு சாண் தூரத்தில். ஒரே குத்து, ஐந்து எலும்பு. அந்தக் கணக்கில் அவர் தவறியதே இல்லை. சாகணும் என்று கேட்டது உண்மைதான், ஆண்டவர் அதைக் கொஞ்சம் மரியாதையாகச் செய்வார் என்று நினைத்திருந்தார். நெஞ்சு வெடித்தது. சமையலறைச் சுவரோடு வைத்து அவர் மனைவியின் கழுத்தை நெரித்தபோது அவள் இழுத்த மூச்சு இதுதான் என்று உடம்புக்குத் தெரிந்தது. முஷ்டி தானாக விரிந்தது. அந்த இருட்டில் அவர் தனியாக இல்லை. சிலுவையில் அடிபட்டும் திருப்பி அடிக்காத ஒருவர் கூடவே மூழ்கியிருந்தார், மூச்சைவிடப் பக்கத்தில். யாருடைய நெஞ்சு வலிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு அழுத்திய கையே தலையை வெளியே தூக்கியது. அவர் இழுத்த மூச்சில் தெருவின் காற்றே குறைந்திருக்கும்.

"தூக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், மாமா."

"தெரியும்டா."

"ஏன் அடிக்கல?"

சம்மட்டி தண்ணீரைக் கக்கினார். "தலைமுடிய விடு."

"விடத்தான் பாக்குறேன். விரல் விரிய மாட்டேங்குது."

நனைந்த கோழியாக வந்த பாஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தார். துண்டோடு தொட்டிக் கரையில் நின்ற சம்மட்டியின் மனைவி ஓர் அடிகூட நெருங்கவில்லை. சம்மட்டி அவசரப்படாமல், காதோரம் ரத்தம் சொட்ட, குனிந்தபடியே நின்றார்.