பதினோரு விநாடிச் சத்தம்

இன்னும் இருபதே நிமிடம். பெற்றோர்கள் வாசலில் கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாகச் சத்தத்தோடு ஒவ்வொரு ஸ்லைடாகத் தட்டிக்கொண்டிருந்தாள். 'எங்கள் பள்ளியின் சத்தங்கள்'. யோசனை அவளுடையதுதான். ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு சத்தம். பிள்ளைகள் டேப்லெட்டும் கையுமாக ஒரு வாரம் பள்ளிக்கூடத்தையே வேவு பார்த்திருந்தார்கள். மணி. ஒழுகும் குழாய். சுவரில் மோதும் பந்து. சாப்பாட்டு டப்பா திறக்கும் 'டப்'. நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் மற்ற வகுப்புகளுக்கும் அவளையே பொறுப்பாகப் போடுவதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

இருபத்து மூன்றாவது ஸ்லைடு. மூடிய கதவு ஒன்றின் படம். டீச்சர்கள் ஓய்வெடுக்கும் அறையின் கதவு. கீழே தலைப்பு: 'எங்கள் டீச்சர்'. பதிவு செய்தது மொட்டு.

மொட்டு கடைசி வரிசை. அது பாதி எழுதி முடிப்பதற்குள் போர்டு அழிக்கப்பட்டுவிடும். ஏன் அழித்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டீச்சர் தட்டினாள்.

டம்ளரில் கரண்டி சுழல்கிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம், அவளுடைய குரலே.

"மொட்டா? அது மரக்கட்டை. மூணு தடவை சொன்னாலும் முழிக்கும். அம்மாவும் அதே அச்சுதான். இஸ்திரி போட்டுப் போட்டு மூளையும் தட்டையாயிடுச்சு போல."

பின்னாலேயே கம்ப்யூட்டர் சாரின் சிரிப்பு. மொத்தம் பதினோரு விநாடி.

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. மொட்டுவின் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். இன்றைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று டயரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள்.

மொட்டுவைக் கூப்பிட்டு வேறு ஒரு சத்தம் பதிந்து வரச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். ஆனால் ஏன் என்று அது கேட்டால்? கேட்காமல் வெறுமனே பார்த்தால்?

விரல் முந்திக்கொண்டது. ஸ்லைடில் இருந்த ஒலியை அழித்தாள். அலமாரியைத் திறந்து, மொட்டுவின் டேப்லெட்டைத் தேடி எடுத்து, அதிலும் அழித்தாள். கைக்குட்டையால் திரையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். துடைக்கும்போதுதான், தான் ஒரு திருடியைப் போல நடந்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

நிகழ்ச்சி அமர்க்களமாகப் போனது. மணிச் சத்தத்துக்கு ஒருவர் நிஜமாகவே எழுந்து நின்றார். குழாய்க்குத் தலைமை ஆசிரியையே சிரித்தார். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வந்து தன் பட்டனைத் தானே தட்டியது.

மொட்டு வந்தது. கதவு திரையில் விரிந்தது. தட்டியது.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டியது. முன் வரிசைப் பையன் ஒருவன், கதவு எங்கேயாவது பேசுமாடி என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"டீச்சர், சத்தம் வரல."

அந்த விநாடியில்கூட வழி இருந்தது. டீச்சர் மைக்கை வாங்கினாள்.

"மொட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்த மறந்துட்டா போல. பரவால்ல, நம்ம மொட்டுவுக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். மறந்துபோன பிள்ளைக்குத் தட்டுகிற கைத்தட்டல். அந்தச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மொட்டு, "சாரி டீச்சர்" என்றது.

கூட்டம் கலைந்தது. தலைமை ஆசிரியை டீச்சரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைசி ஆள் போகும்வரை ஒரு பெண் கதவோரம் காத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு.

அவள் கத்தியிருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவ பட்டனை மறக்கல டீச்சர்" என்றாள் அம்மா, மெதுவாக. "டேப்லெட்ட ரெண்டு நாள் வீட்டுக்குக் குடுத்து விட்டீங்கல்ல, போட்டுப் போட்டுக் கேட்டா. மொதல் தடவை கேட்டதும் என் மூஞ்சியத்தான் பார்த்தா. நான் சிரிச்சிட்டேன். நான் சிரிச்சா அவளும் சிரிச்சிடுவா. டீச்சருக்குப் பிடிச்சவங்களத்தான் இப்படிக் கேலி பண்ணுவாங்கன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது, நாளைக்கும் உங்ககிட்டதானே அனுப்பணும்?"

டீச்சர் அந்தத் தழும்பைப் பார்த்தாள். இந்தப் பெண்ணைத்தான் மூளை தட்டை என்று சொல்லியிருந்தாள்.

"வேற ஏதாவது சத்தம் எடுத்துக்கோடின்னேன், கேக்கல. டீச்சர் என் பேரைச் சொன்னது இது ஒண்ணுதாம்மான்னா."

அதற்குள் மொட்டு ஓடி வந்தது, கையில் டேப்லெட்டோடு. முகத்தில் வருத்தம்கூட இல்லை. தப்பைச் சரிசெய்துகொள்ள வந்த பிள்ளையின் அவசரம் மட்டும்.

"இதுலயும் காணோம் டீச்சர். இப்ப சரியா அழுத்திட்டேன், பாருங்க. அன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்க."

டேப்லெட்டை இரண்டு கையாலும் டீச்சரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது. திரையில் சிவப்புப் புள்ளி மின்னியது. ஒன்று. இரண்டு. மூன்று. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு. எட்டு. மொட்டு டேப்லெட்டை இறக்கவில்லை.

பதினோராவது விநாடி தாண்டிய பிறகுதான் டீச்சருக்குக் குரல் வந்தது.

"நீ மறக்கல மொட்டு. நான்தான் அழிச்சேன்."

மொட்டு அவளையே பார்த்தது. அந்த வருடத்திலேயே முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டது.

"ஏன் டீச்சர்?"

சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. டீச்சர் முட்டி போட்டு மொட்டுவின் உயரத்துக்கு உட்கார்ந்தாள். பதில் சொல்ல ஆரம்பித்தாள்.