ஆமணக்கு நெய்

1

‘எண்ணெய்’ என்ற சொல்லைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். எள், நெய். இந்தக் கதை அந்த இடைவெளியில் கசிந்தது.

ஒரு காலத்தில் வழுக்குவதெல்லாம் நெய். எள்ளில் எடுத்த நெய் மட்டும் எண்ணெய். இன்று எதில் எடுத்தாலும் எண்ணெய். பசுவிடம் மட்டும் நெய். (எருமையும் உண்டு. சேர்த்தால் வாக்கியம் கெடுகிறது.) பெரிய சொல் சிறுத்தது, சிறிய சொல் பெருத்தது.

சொற்களுக்கு இதில் நட்டமில்லை. நட்டப்பட ஒரு குடும்பம் தேவைப்பட்டது.

2

சிங்காநல்லூரில் அன்று மழை பெய்து

வேண்டாம்.

1996, சிங்காநல்லூர். சீனிவாசலு, தமிழ் எம்.ஏ., மில்லில் வேலை. மனைவி வரலட்சுமி. மகள் மௌனிகா வெகுநாள் பேசவில்லை. (பெயரை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. நம்பாதீர்கள்.) பேச்சு வந்தால் கொடுமுடிக் கோயிலில் நெய் விளக்கு ஏற்றுவதாக வரலட்சுமி வேண்டிக்கொண்டாள். வந்தது. முதல் சொல்: ‘போதும்’.

விளக்கேற்றச் சீனிவாசலு தனியாகப் போனார். நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டு வந்து, அதைப் பெருமையாகச் சொன்னார்.

“ஏனுங்க, நான் வேண்டுனது நெய்யுங்க.”

“எண்ணெயும் நெய்தான் புள்ள. பழைய பாட்டெல்லாம் அப்படித்தான் சொல்லுது.”

“சாமி எம்.ஏ. படிச்சிருக்குதுங்களா?”

“சாமி பழைய ஆளு. அதுக்குப் பழைய அர்த்தம்தான் தெரியும்.”

“வேண்டுனவ புது ஆளுங்க.”*

3

சீனிவாசலு கஞ்சன் என்று எழுதி அடித்துவிட்டேன். கஞ்சனாக இருந்தால் மன்னிக்கலாம். அவர் சொற்களை உண்மையாகவே நம்பினார்.

மறுநாள் காலையிலிருந்து மௌனிகா பேசவில்லை. பல்வலியா, பிடிவாதமா, எனக்கே தெரியாது. வரலட்சுமிக்குத் தெரியும்: கொடுத்த பேச்சைச் சாமி திருப்பி வாங்கிவிட்டது.

“ஒரே ஒரு வார்த்தை பேசு கண்ணு.”

குழந்தை தலையை மட்டும் ஆட்டியது.

4

மதியம். பருப்புச் சோற்றில் குழி பறித்துவிட்டுச் சீனிவாசலு காத்திருந்தார்.

“நெய் ஊத்து.”

வரலட்சுமி ஊற்றினாள். கெட்டியாக, தாராளமாக.

“என்ன புள்ள இது?”

“நெய்யுங்க. ஆமணக்கு நெய்.”

“வெளக்கெண்ணெய யாராச்சும் திம்பாங்களா?”

“இப்ப மட்டும் எண்ணெயாயிருச்சுங்களா? நெய்யின்னா சாப்பிட்டுப்போடுங்க. சாமியும் ஒத்துக்கிச்சுன்னு நம்பிக்கிறேன். எண்ணெயின்னா எந்திரிச்சுக் கொடுமுடிக்குப் போங்க.”

முதல் முடிவு: சாப்பிட்டார். (பிறகு நடந்தது இலக்கியத்துக்குள் வராது.)

இரண்டாம் முடிவு: கை கழுவிவிட்டு, நெய் டப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வழியெல்லாம் தொல்காப்பியத்தை

இல்லை. இரண்டிலும் குழந்தையை மறந்துவிட்டேன்.

5

மௌனிகா அப்பாவின் தட்டில் விரலை விட்டு நக்குகிறாள். முகம் கோணுகிறது. வாய் திறக்கிறது. சீனிவாசலுவின் கை சோற்றின் மேல் நிற்கிறது. வரலட்சுமிக்கு இனி எந்தச் சொல் வந்தாலும் சரி.

நான் எழுதினால் அது என் சொல். குழந்தை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும் வயதில் இருக்கிறது.

நெய்யா, எண்ணெயா? நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். சத்தமாக.

—

* வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். சண்டை மட்டும் தமிழில். மற்றதெல்லாம் என் மொழிபெயர்ப்பு. தெலுங்கில் எண்ணெய்க்கு ‘நூனெ’. அதற்குள்ளும் ஒரு எள், ஒரு நெய். தப்பிக்க வழியில்லை.