வேலியோரத்துச் சுரைக்கொடி

எழுபத்தைந்தாம் வருஷக் கோடை. முந்தின ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை ஏமாற்றிவிட்டதால், மாசி பிறக்கும்போதே காஞ்சிபுரத்துக் கிணறுகளில் வாளி தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. இந்த லட்சணத்தில் அலமு தோட்டம் போடுகிறாள் என்று அவள் வாழ்க்கைப்பட்ட பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. அவர்களுடையவை தறிக்கார வீடுகள். அலமு முசரவாக்கம் கிராமத்தில் ஏர் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலம் சும்மா கிடந்தால் அவளுக்குக் கை நமநமக்கும்.

அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எதையும் அவள் வீணாக்கவில்லை. குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோலச் செடிக்குச் செடி குனிந்து ஊற்றினாள். வெண்டை பாதி கருகிவிட்டது. கத்திரி சொத்தையாய்ப் போனது. கிணற்றோரம் அவள் விதை போட்ட சுரை மட்டும் பிழைத்துப் பந்தல் ஏறியது. அதே சமயத்தில் வேலியோரத்திலும் ஒரு சுரை தானாக முளைத்தது. யாரும் போடாத விதை, யாரும் ஊற்றாத தண்ணீர். ஆனாலும் கிணற்றோரத்துக் கொடியைவிட வேகமாகப் படர்ந்தது. அலமுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதையும் அதே பந்தலில் ஏற்றிவிட்டாள்.

சித்திரைக் கடைசியில் முதல் அறுப்பு. வேலிப் பக்கம் இரண்டு காய், கிணற்றுப் பக்கம் ஒரு காய். மூன்றும் ஒரே பச்சை, ஒரே பருமன், நகம் வைத்தால் இறங்குகிற பிஞ்சு. கூடையில் போட்டுவிட்டால் எது எந்தக் கொடியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஒண்ணு குடு அலமு, பரசுராமன் வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றான் அவள் புருஷன் கோதண்டபாணி. வாலாஜாபாத் அரிசி மில்லில் அவனோடு பாய்லருக்கு உமி தள்ளுகிறவர் பரசுராமன். "அவருக்குச் சக்கரை வியாதி. நீர்க்காயாத் தின்னுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு."

ஒன்று அவனோடு போனது. இன்னொன்றை அடுத்த தெரு வடிவுக்குக் கொடுத்தாள். வடிவின் மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். பால் ஊறச் சுரைக்காய் நல்லது. மூன்றாவதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

பத்து மணி வெயிலில் அடுப்பு மூட்டிக் கூட்டு வைத்தாள். இறக்குமுன் உப்புப் பார்க்க ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கினாள். நாக்கு சுருண்டுகொண்டது. பாகற்காய்க் கசப்பு இல்லை அது. தொண்டை வரைக்கும் பிடித்து இழுக்கிற கசப்பு. ஓடிப்போய்த் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். கசப்பு போகவில்லை.

சின்ன வயதில் முசரவாக்கத்தில் நாற்று நட வந்த ஆள் ஒருவர் ஏரிக்கரையில் பேய்ச்சுரையைப் பறித்துக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்துப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்க நல்ல சுரை மாதிரியேதான் இருந்ததாம்.

'பச்சை உடம்புக்காரி!' என்று நினைத்ததும் அடுப்பை அவிக்கக்கூட நிற்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினாள். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் "இன்னாமா ஆச்சு?" என்று கேட்டது காதில் விழவில்லை.

வடிவு கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "வடிவக்கா, அந்தக் காயை இன்னா பண்ணே?"

"ஆக்கி எறக்கிட்டேன். பொண்ணுக்குச் சோறு போட்டுக்கினு இருக்கேன். ஏன்?"

"போடாதே! எங்கூட்டுக் காய் விஷமாக் கசக்குது."

வடிவின் முகம் இறுகியது. "பிள்ளை பெத்தவ வாயில சோறு வைக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசறே நீ?"

அலமு உள்ளே போய், மகள் கையிலிருந்த தட்டை அப்படியே வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச் சுரைக்காயை எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். இனித்தது. இன்னொரு துண்டு. அதுவும் இனித்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"போதுமா?" என்றாள் வடிவு வெடுக்கென்று.

வாசலுக்கு வந்த பிறகுதான் அடுத்த நினைப்பு நெஞ்சில் இடித்தது. கசப்பது தானாக முளைத்த வேலிக் கொடியாகத்தான் இருக்கும். கிணற்றுப் பக்கம் அறுத்தது ஒரே காய். அது இங்கே வந்திருக்கிறது. வேலிப் பக்கத்துக் காய் இரண்டு. ஒன்று தன் சட்டியில் இருக்கிறது. அப்படியானால் மற்றது...

வெகுநேரம் காத்திருந்து பிடித்த வாலாஜாபாத் பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. டிரைவர் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆளை ஏற்றினான். ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறக் கண்டக்டர் விடமாட்டேன் என்று சண்டை பிடித்தான். 'ஏத்திக்கினு போயேன்பா' என்று கத்தவேண்டும் போல இருந்தது அலமுவுக்கு. பரசுராமன் காலை ஷிப்டு. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கசந்தால் துப்பிவிட மாட்டாரா? யாராவது கசக்கிற சுரையைத் தின்பார்களா? தன்னைத்தானே அப்படித் தேற்றிக்கொண்டாள். ஆனால் நாக்கின் அடியில் இன்னும் அந்தக் கசப்பு இருந்தது.

மில் வாசலில் கோதண்டபாணி அவளைப் பார்த்துத் திகைத்து நின்றான். இவள் தனியாகப் பஸ் ஏறி வந்ததே இல்லை. அவள் சொல்லி முடிக்குமுன்னே இரண்டு பேரும் பரசுராமன் வீட்டை நோக்கி நடந்தார்கள். கொஞ்சத் தூரத்தில் ஓட்டமாகிவிட்டது.

வீட்டுக்கு வெளியே ஜனம் கூடியிருந்தது. உள்ளே பரசுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவர் மனைவி பொன்னியம்மாள் வாந்தி பிடித்த மண்சட்டியோடு நின்றாள்.

"சாப்ட்டுத் தலையை சாய்ச்சாரு. அதுக்கப்புறம் மேலயும் கீழயும் நிக்கலைங்க. திருவிழாக் கூட்டத்துல தண்ணி குடிச்சிட்டு வந்தாரு, காலராதான்னு எல்லாரும் சொல்றாங்க."

மில் லாரியைப் பிடித்துக் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லாரியின் பின்னால், உமி மூட்டைகளுக்கு நடுவே, கோதண்டபாணி அலமுவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அலமு, நீ ஒண்ணும் வாயத் தொறக்காதே."

"ஏன்?"

"காலரான்னுதானே சொல்றாங்க. அப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம கொடுத்த காய்னு ஆயிடும். போலீஸ் வரும். நான் அந்த மில்லுல மூஞ்சி காட்ட முடியுமா?"

அலமு பரசுராமனைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. லாரி குலுங்கும்போதெல்லாம் அவர் முனகினார். புருஷன் சொன்னது தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அதே பயம்தான். வடிவு பேசின பேச்சே இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. கோதண்டபாணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்தார். "காலரா வார்டுக்குக் கொண்டுபோங்க" என்றார். அங்கே பெஞ்சிலும் தரையிலும் ஆட்கள் கிடப்பது கதவுச் சந்தில் தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அப்போது பரசுராமன் மறுபடி வாந்தி எடுத்தார். அதில் சிவப்பு இருந்தது.

"சார்!" என்றாள் அலமு. குரல் அவளுடையது போலவே இல்லை. "காலரா இல்ல சார். சுரைக்காய். கசப்புச் சுரைக்காய் தின்னுட்டாரு. என் தோட்டத்துல காய்ச்சது. நான்தான் கொடுத்து அனுப்பினேன்."

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான். பொன்னியம்மாள் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை அலமுவால் தாங்க முடியவில்லை. டாக்டர் மட்டும் அருகே வந்தார். "எத்தனை மணிக்குத் தின்னார்? நிறையவா?" என்று பொன்னியம்மாளிடம் கேட்டார்.

"ஒரு கிண்ணம் தின்னாருங்க. கசக்குதேன்னு நான் ஒரு வாயோட துப்பிட்டேன். 'கசந்தா சக்கரைக்கு நல்லதுடி'ன்னு அவர் மட்டும் தின்னாரு."

டாக்டர் ஸ்ட்ரெச்சரை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். ஊசி போட்டார்கள். இரண்டு கையிலும் பாட்டில் ஏறியது. "வயிறு புண்ணாயிருக்குது. விடியிற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராண்டாவின் இந்தக் கோடியில் அலமு, அந்தக் கோடியில் பொன்னியம்மாள். நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கோதண்டபாணி. ஒவ்வொரு தடவை நர்ஸ் வெளியே வரும்போதும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் காலையில் வாந்தி நின்றது. பரசுராமன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். பொன்னியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு வராண்டாவுக்கு வந்து அலமுவின் முன்னால் நின்றாள். அலமு எழுந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தாள்.

"ராத்திரியெல்லாம் உன்னை மனசுல திட்டிக்கினு இருந்தேன்" என்றாள் பொன்னியம்மாள். "இப்பவும் கோவம்தான். ஆனா நீ சொல்லலேன்னா அந்தக் காலராக்காரங்களோட போட்டிருப்பாங்க. உள்ள வா. அவர் உன்னைக் கேக்கறாரு."

பரசுராமனுக்குக் குரல் எழும்பவில்லை. "கசந்துச்சும்மா" என்றார், ஏதோ தான் தப்பு செய்தவர்போல. "நல்லதுன்னு தின்னுட்டேன்."

அன்று சாயங்காலம் அலமு வேலியோரத்துக் கொடியை வேரோடு பிடுங்கினாள். பந்தலில் அது மற்றக் கொடியோடு பின்னிக்கிடந்தது. ஒவ்வொரு சுருளாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. பிஞ்சுகளை ஆடுமாடு வாய் வைக்காதபடி ஆழக் குழி தோண்டிப் புதைத்தாள். கோதண்டபாணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, கூடவே தோண்டினான்.

நாலைந்து நாள் கழித்து வடிவே தேடிக்கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரி சங்கதி கேள்விப்பட்டேன். அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. கெணத்தோரத்துல காய் இருந்தா ஒண்ணு குடு. பொண்ணுக்குப் பால் பத்தல."

அலமு அறுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னே காம்புப் பக்கம் ஒரு சில்லு, நடுவில் ஒரு சில்லு, அடியில் ஒரு சில்லு வெட்டித் தின்று பார்த்தாள். மூன்றும் இனித்தன. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வடிவின் பின்னாலேயே போய், அந்தப் பெண் சாப்பிட்டுக் கை கழுவி, பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்து, இரண்டும் தூங்குகிறவரைக்கும் தறிக்குழிப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.