மிச்சமிருந்த இரண்டு வரிசை

லிஃப்ட்காரருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கவேண்டும் போலிருந்தது, எழுந்தால் நடக்கவேண்டும் போலிருந்தது. மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனதிலிருந்து அந்த நடைபாதையை நடந்தே தேய்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் வேறு ஒவ்வொரு தடவையும் கதவை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடியது. லிஃப்ட் ரிப்பேர்தான் அவர் பிழைப்பு. வேறொரு நாளாக இருந்தால் அந்த நிமிஷமே கழற்றிப் பார்த்திருப்பார். இன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. குடலோடு இறுக ஒட்டியிருக்கிறது, திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்று டாக்டர் பட்டும்படாமலும் சொல்லியிருந்தார்.

உள்ளே போகுமுன் அவள் தன் செல்போனை இவர் கையில் திணித்தாள். தினமும் காலையில் ஆடுகிற ஆங்கில வார்த்தை ஆட்டம் அதில் பாதியில் நின்றது. ஐந்தெழுத்து வார்த்தை ஒன்றை ஆறு வரிசைக்குள் கண்டுபிடிக்கவேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சையாகும், இல்லாத எழுத்து சாம்பலாகிவிடும். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு நாள்கூடத் தோற்றதில்லை என்பதில் அவளுக்கு அலாதிப் பெருமை. இன்றைக்கு நாலு வரிசை போட்டிருந்தாள், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மிச்சத்தை நீங்க போட்டுடுங்க. தோத்துட்டா இத்தனை நாள் ஜெயிச்சதெல்லாம் பூஜ்யமாயிடும்."

"எனக்கு ஏது இங்கிலீஷ்? மேலே, கீழே, அவ்வளவுதான் தெரியும்."

"அது போதும்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டலடித்தே வயதானவர் அவர். ஆனால் போனை வாங்கிய நிமிஷம் மனசு தானாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டது. ஆட்டம் ஜெயித்தால் அவள் நல்லபடியாகத் திரும்புவாள். தோற்றால்... அதற்குமேல் நினைக்க அவருக்குத் துணிவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

'லைட்', 'நைட்' என்று அவள் கடைசியாகப் போட்டிருந்த வரிசைகளில் ஐ, ஜி, எச், டி என்ற பின் நாலு எழுத்தும் பச்சை. முதல் எழுத்துதான் பாக்கி. வேலை முடிந்ததும் "எல்லாம் ரைட்" என்று தினமும் அவர் சொல்வது சட்டென்று ஞாபகம் வந்தது. அதையே போட்டார். முதல் கட்டம் சாம்பல்.

ஒரே வரிசை மிச்சம்.

நடைபாதையின் மறுகோடியில் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நாலெழுத்துப் படித்தவர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்துப் பல வருஷமாகிறது. மச்சானுடைய மகள் கல்யாணத்தில், இவர் ரிப்பேர் பார்த்துவந்த மண்டபத்து லிஃப்ட் சம்பந்தியோடு அவரையும் சேர்த்து நடுவில் நிறுத்திவிட்டது. வெளியே வந்ததும் வராததுமாக மச்சான், "வேணும்னே பண்ணிட்டான்" என்று சபையில் கத்தினார். "உங்க எடைக்கு லிஃப்ட் அறுந்து விழாம நின்னதே பெரிசு" என்று இவரும் வாயை விட்டார். அவ்வளவுதான். நடுவில் கிடந்து அல்லாடியது அவள்.

லிஃப்ட்காரர் இரண்டு தடவை பாதிவழி போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை நேரே போய் போனை நீட்டினார். "அவ ஆட்டம். ஒரு வரிசைதான் இருக்கு."

மச்சான் போனையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். தன் போனை எடுத்து, இந்த நாலு எழுத்தில் முடியும் ஐந்தெழுத்து வார்த்தைகளை அர்த்தத்தோடு தரும் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"சைட். பார்வை. இதைப் போடலாமே," என்றார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணில் வேறென்ன படும்!

"அந்த எழுத்து முதல் வரிசையிலேயே சாம்பலாயிடுச்சு மச்சான்."

மச்சான் என்ற சொல் எப்படியோ வாயில் வந்துவிட்டது. இருவரும் கேட்காததுபோல இருந்துகொண்டார்கள்.

"டைட். இறுக்கம்."

"அது வேணாம்."

"வேணாம், வேணாம். அடுத்தது ஃபைட்."

"அர்த்தம்?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "சண்டை."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு."

"மைட். பலம்."

"பலம்! அதான் அவளுக்கு இப்ப வேணும்."

வார்த்தை ஆட்டத்தில் அர்த்தத்துக்கு என்ன வேலை என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றவேண்டாமா? தோன்றவில்லை. நீங்க அழுத்துங்க, நீங்க அழுத்துங்க என்று போன் கை மாறிக்கொண்டே இருந்து, கடைசியில் லிஃப்ட்காரர் அழுத்தினார்.

சாம்பல். விடை 'ஃபைட்' என்று திரை காட்டியது. கீழே பெரிதாக ஒரு பூஜ்யம்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு மச்சான். அவ சொன்ன ஒரே வேலை." குழந்தைபோல அழுதார்.

"இது போனு மாப்ளே. வெறும் போனு. இதுக்கு என்ன தெரியும்?" என்று மச்சான் அதட்டினார். ஆனால் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் தியேட்டர் கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார். "கட்டியை முழுசா எடுத்தாச்சு. பயப்படுற மாதிரி எதுவும் இல்லை."

மச்சான்தான் மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்.

மத்தியானம் இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். அவள் கண் விழித்துக் கணவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த கையைப் பார்த்தாள், கைக்குரிய அண்ணனைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறீங்க... எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. எல்லாம் எடுத்தாச்சும்மா," என்றார் அண்ணன்.

"பொய். நான் பிழைக்கமாட்டேனா? மறைக்காம சொல்லுங்க." கண் நிரம்பி வழிந்தது. பக்கத்து மெஷின் வேகமாகக் கத்தத் தொடங்கியது.

லிஃப்ட்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. தாங்கள் சேர்ந்து நிற்பதைக் கண்டாலே சாகப்போகிறோமோ என்று அவள் பயப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சமாதானம் சொன்னால் இன்னும் பயப்படுவாள். அவர் தோளிலிருந்த கையை உதறினார்.

"உங்கண்ணன் பேச்சைக் கேட்டு உன் ஆட்டம் தோத்துப்போச்சு."

மச்சான் ஒரு கணம் திகைத்தார். பிறகு குறிப்பைப் பிடித்துக்கொண்டார். "என் பேச்சா? ஒரு வரிசையை முதல்லயே வீணடிச்சது யாரு? லிஃப்ட் ஓட்டத் தெரியாத ஆளுக்கு இங்கிலீஷ் ஒரு கேடு!"

"உங்களுக்கு லிஃப்ட் பத்தாது, கிரேன்தான் வேணும்!"

"மெதுவா பேசுங்க," என்றாள் நர்ஸ்.

மெஷினின் வேகம் குறைந்தது. "ஆரம்பிச்சுட்டாங்க," என்று முனகிவிட்டு மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் குரலைத் தணித்துக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை. கட்டில் விளிம்புக்குக் கீழே, அவள் கண்ணில் படாமல் மச்சானின் கையைப் பிடித்தபடி, அவள் தூங்கும்வரை அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.