ஓடைக் கரண்டு

ஆஸ்பத்திரி மணி அடித்ததும் மனுவேல் மதகைத் திறந்துவிட்டான். பதினொரு வருஷப் பழக்கம். பூண்டிக்கு மேலே, ஓடைத் தண்ணீரில் சுழலும் அந்தச் சின்ன டர்பைன்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்தது. மணி அடித்தால் பிரசவம். பிரசவம் என்றால் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க வேண்டிய காலம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எண்பத்திரண்டில் மலையேறி வந்த மின்சார போர்டு லைனோடு அப்போதுதான் ஓடைக் கரண்டையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். போர்டு கரண்டு நின்றால் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட வேண்டும். பிறகுதான் மதகு. இல்லாவிட்டால் ஓடைக் கரண்டு ஆஸ்பத்திரியோடு நிற்காமல் போர்டுக் கம்பிக்குள்ளும் ஏறிவிடும்.

இன்று மதகைத் திறந்துவிட்டுப் பீடிக்காகப் பையில் கைவிட்டான். கட்டை இல்லை. அது சுவரில் அப்படியே இருந்தது. காலையில்தான் லைன்மேன் அழகுமலை, மரம் விழுந்து அறுந்த கம்பியைக் கட்ட மேட்டுக் கம்பத்துக்குப் போயிருந்தான்.

மனுவேல் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு மூடுபனிக்குள் ஓடினான். சங்கிலி போட்டிருப்பான், போட்டிருப்பான் என்று மனசு அடித்துக்கொண்டது. கம்பியில் கை வைக்குமுன் சங்கிலியால் அதை மண்ணோடு சேர்த்துவிட்டால், தப்பி வரும் கரண்டு மண்ணுக்குப் போய்விடும். ஆனால் போன மாதம் அழகுமலை சங்கிலியை எடுத்தபோது மனுவேலுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கட்டை என் பையில கெடக்குன்னு சொல்றேன். அப்புறமும் சங்கிலியா? என் மேல அம்புட்டுத்தான் நம்பிக்கையா?"

"சரிலே, ஒனக்காக வேணாம்" என்று அழகுமலை சிரித்துக்கொண்டே அதைச் சாக்குப் பைக்குள் போட்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் அதை எடுக்கவே இல்லை.

கம்பத்தடியில் செருப்பு இரண்டும் கிடந்தன. பக்கத்தில் சாக்குப் பை. உள்ளே சங்கிலி. மேலே பனியில் ஆள் தெரியவில்லை.

"அழகுமலே!"

சத்தமில்லை.

"என்னலே?" என்று மேலிருந்து குரல் வந்தது. "வெரல் வெறைச்சுப் போச்சு, தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் கம்பியத் தொடல. கட்டைய வெள்ளனே புடுங்கிட்டேல்ல?"

மனுவேல் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறந்தது வெளியே தெரியாது. அவன் குனிந்து சங்கிலியை எடுத்தான். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான். பனிக்குள் அது நிற்காமல் கலகலத்துக்கொண்டே இருந்தது.